குக்கோ இல்லை, குக்கா

சான் ஹசிந்தோ, சகாதேகாஸ்
மார்ச் 17

என் செல்ல மகள் குக்காவுக்கு,

நீயும் மாப்பிள்ளை அபெலும் குட்டி நொயேமியும் அந்த சிகாகோ குளிர்ல விறைச்சுப் போகாம சௌக்கியமா இருக்கணும்னு மாதாவை வேண்டிக்கிறேன். இங்க நான் நல்லா இருக்கேன், உங்கப்பாவும் நல்லா இருக்காரு, அவரோட முழங்கால் மட்டும் நல்லா இல்ல, கோழிங்க எங்க ரெண்டு பேரையும்விட நல்லா இருக்கு. ஃபோன் இருக்கும்போது அம்மா எதுக்குக் கடிதாசி எழுதறான்னு நீ கேப்பே. இந்தக் கவருக்குள்ள முத்திரை குத்தின காகிதம் ஒண்ணு இருக்கு, அங்க இருக்கற நம்ம நாட்டுத் தூதரகத்துல அசல்தான் வேணும்னு சொன்னியே, அது ஒரு காரணம். இன்னொண்ணு, ஃபோன்ல பேசினா நீ பாதியில குறுக்க பூந்துடுவே, நான் சொல்ல வந்ததை முழுங்கிட்டு மிளகாய் விளைச்சலைப் பத்திப் பேசிட்டு வச்சுடுவேன். இந்தத் தடவை முழுங்கறதா இல்ல. அதனால குழந்தையைத் தூங்க வச்சுட்டு உட்கார்ந்து கடைசி வரைக்கும் படி.

முதல்ல நல்ல சேதி. நேத்துலேருந்து நீ பொம்பளை. சிரிக்காதே, தேசமே ஒத்துக்கிட்டாச்சு, காகிதத்துல இருக்கு. அபெல்கிட்டயும் சொல்லிடு, பாவம், மோதிரம் மாத்தினது ஒரு பொண்ணுக்குத்தான்னு அந்தப் பிள்ளையும் கொஞ்சம் நிம்மதியா இருக்கட்டும். ரெண்டு மாசமா ஊர்ல எனக்குத் தலை காட்ட முடியல. கறிக்கடைக்காரன் எலும்பு வெட்டிக்கிட்டே உங்க குக்கோ சிகாகோவுல எப்படி இருக்கான்னு கேக்கறான். உன்னோட ரெஃபூஹியோங்கற பேரை ஆணுக்கும் வைக்கலாம் பொண்ணுக்கும் வைக்கலாம், கூப்பிடறப்பதான் ஆம்பளைன்னா குக்கோ, பொம்பளைன்னா குக்கான்னு இந்த ஊர்ல யாருக்குத் தெரியாது, அதை வச்சே என்னை ஓட்டறான். உங்கப்பா மட்டும் என்ன, பதினெட்டு வயசுல ஆம்பளைப் பசங்க எல்லாரும் ராணுவத்துல பேர் குடுக்கணும், குடுக்காம ஓடிப்போனவன்டி உன் பிள்ளை, ஜீப்புல வந்து வீட்டைத் தட்டப் போறாங்கன்னு என்கிட்ட சொல்லிட்டு அவரே விழுந்து விழுந்து சிரிக்கறாரு. அந்தச் சிரிப்பு வாசல் வரைக்கும்தான். ஞாயித்துக்கிழமை உன் ஃபோன் வந்தா அவரு கதவுகிட்டப் போய் நின்னு தாழ்ப்பாளைச் சரி பண்றாரு. எட்டு வாரமா அதே தாழ்ப்பாள். நீ அப்பாகிட்ட குடுன்னு சொல்வியான்னு காத்துக்கிட்டு இருக்காரு, நீ சொல்ல மாட்டேங்கறே.

உன் கோபம் எனக்குப் புரியாம இல்ல. குழந்தையைப் பதியணும்னு அத்தனை பனியில பஸ் மாறித் தூதரகத்துக்குப் போனா, கம்ப்யூட்டர்லேருந்து புதுசா எடுத்த உன் பிறப்புச் சான்றிதழ்ல ஆண்னு இருக்கு, அப்பான்னு போட்ட இடத்துல அபெல் ஆண், அம்மான்னு போட்ட இடத்துல நீயும் ஆண். ஜன்னலுக்குப் பின்னாடி இருந்தவரு பாவம் சங்கடப்பட்டுக்கிட்டேதான் கேட்டாராம், ஆனா நீ அந்த நேரம் பார்த்து துண்டைப் போர்த்திக்கிட்டு குழந்தைக்குப் பால் குடுத்துக்கிட்டு இருந்தே, வரிசையே சிரிச்சுச்சு. வேற யாராவது இருந்தா நானும் சிரிச்சிருப்பேன். நீ ஃபோன் பண்ணி அழுதே. அப்பாவுக்கு நான் பையனாப் பொறக்கலைன்னு குறை, அதான் புத்தகத்துலயாவது ஒரு பையனை எழுதி வச்சுட்டாருன்னு சொன்னே. அப்ப நான் என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா? ஆமாண்டி, உங்கப்பா அன்னிக்கே எங்கயோ பராக்கு பார்த்துக்கிட்டு இருந்த மனுஷன்தான்னு ஒத்து ஊதினேன். அதை ஞாபகம் வச்சுக்கோ, பின்னாடி வரும்.

உனக்குப் பதிலா நான் போகலாம்னு நீ எழுதிக் குடுத்த அதிகாரக் கடிதம் வந்ததும் நான் பதிவு அலுவலகத்துக்குக் கிளம்பினேன். இப்ப அங்க உட்கார்ந்திருக்கறது யாருன்னு நினைக்கறே, தோர்த்தியா ரொட்டி சுடற வீட்டுப் பொண்ணு லிசெத், பள்ளிக்கூடத்துல உனக்கு ரெண்டு வகுப்பு சின்னவ, உன் பாவாடையைப் பிடிச்சுக்கிட்டே திரிஞ்சவ. அடியே, குக்காவை உனக்குத் தெரியாதா, திருத்தி எழுதிக் குடுன்னேன். தெல்ஃபினாம்மா, அக்காவை எனக்குத் தெரியும், ஆனா இந்த நாற்காலியில உட்கார்ந்தா எனக்குப் புத்தகத்தைத்தான் தெரியும்னுட்டா. ஞானஸ்நானச் சீட்டு வேணுமாம், பள்ளிக்கூடச் சான்று வேணுமாம், ரெண்டு சாட்சி வேணுமாம். நீ கோயில்ல முதல் நன்மை வாங்கினப்போ வெள்ளை கவுன் போட்டு எடுத்த படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். படம் சாட்சி ஆகாதாம், போன வருஷத் திருவிழாவுல கறிக்கடைக்காரனும்தான் கவுன் போட்டுக்கிட்டு ஆடினாருங்கறா.

சாட்சிக்குக் கறிக்கடைக்காரனையே இழுத்துக்கிட்டுப் போனேன், கேலி பண்ணின வாய்தானே, சத்தியமும் பண்ணட்டும். இன்னொரு சாட்சி உன்னைப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி தோமாசா. அவளுக்கு இப்ப காது சுத்தமாக் கேக்காது, அதனால உலகத்துல யாருக்கும் கேக்காதுன்னு நினைச்சுக் கத்தறா. இந்த ரெஃபூஹியோவை உங்களுக்குத் தெரியுமான்னு லிசெத் கேட்டா. தெரியுமாவா, வெளிய இழுத்ததே நான்தானேன்னு ஆரம்பிச்சா பாரு. இந்தப் பொண்ணு தலையால வரல, பின்பக்கமா வந்துச்சு, மூஞ்சி எப்படி இருக்கும்னு தெரியறதுக்கு முன்னாடியே பொண்ணுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு, ஊருலயே முதல்ல பார்த்தவ நான்தான், எழுதிக்கோன்னு கத்தறா. அலுவலகம், அதுக்கு வெளிய பிளாசா மைதானம், பிளாசாவுல ஷூ பாலிஷ் போட்டுக்கிட்டு இருந்த ஆளுங்க, அத்தனை பேருக்கும் கேட்டுச்சு. லிசெத் சிவந்து போய், இதை அப்படியே எழுதணுமான்னு என்னைக் கேக்கறா. பின்ன, ஒரு எழுத்து விடாம எழுதுன்னேன்.

சாட்சி எல்லாம் முடிஞ்சப்புறம்தான் லிசெத் உள்ள போய் அந்தப் பழைய பெரிய புத்தகத்தைத் தூக்கிக்கிட்டு வந்தா. ஓரத்துல திருத்தம் எழுதணும்னா அசல் பதிவை நாம பார்த்தாகணுமாம். உங்கப்பாவும் பக்கத்துல நின்னாரு. நான் அவரைப் பார்த்து, வாங்க, நீங்க பண்ணின அழகை வந்து பாருங்கன்னு ஒரு போடு போட்டேன். அவரு தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டாரு. பக்கத்தைத் திறந்தா, குழந்தையைப் பதிய வந்தவர்ங்கற இடத்துல உங்கப்பா பேரு எவரிஸ்தோ மோந்தெஸ்னு இல்ல, என் பேரு தெல்ஃபினா ஒலாகேன்னு இருக்கு. அதுக்குக் கீழ, வாசித்துப் பார்த்து, சரியென ஒப்புக்கொண்டு, கையெழுத்திட்டார்னு ஒரு வரி. அதுக்கும் கீழ ஒரு கையெழுத்து, கோணலா, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா. என்னோடது.

எனக்குத் தெரியாம இல்ல, குக்கா. நீ அழுத அன்னிக்கே தெரியும். அதனாலதான் நீ யோசிக்கறதுக்கு முன்னாடி உங்கப்பா தலையில தூக்கிப் போட்டேன்.

நடந்ததைச் சொல்றேன், கேளு. உனக்கு அப்ப நாப்பது நாள். உன்னைப் பதியறதுக்கு மூணு பேருமா போனோம். பிளாசாவுக்கு வந்ததும் உங்கப்பாவுக்கு இருப்புக் கொள்ளல, என் பொண்ணு மொட்டைக் காதோட இருக்கக்கூடாது, எல்லாரும் பையன்னு நினைச்சுக்கறாங்கன்னு சொல்லி உன்னைத் தூக்கிக்கிட்டு எதிர்ல இருந்த நகைக்கடைக்குப் போயிட்டாரு, காது குத்தித் தோடு போட. நீ உள்ள போய்ப் பேரைச் சொல்லுன்னாரு. நான் போனேன். பழைய பதிவாளர் பேரு என்னன்னாரு, ரெஃபூஹியோன்னேன். குழந்தை எங்கேன்னாரு, அவங்கப்பாகிட்ட இருக்குன்னேன். பையனா பொண்ணான்னு அவரும் கேக்கல, நானும் சொல்லல. எழுதி முடிச்சு, பூசைக்கு நேரமாச்சுங்கற சாமியார் மாதிரி மளமளன்னு வாசிச்சாரு, அந்த நேரம் எதிர்க்கடையிலேருந்து நீ வீல்னு கத்தினே. எனக்கு ஒண்ணும் காதுல ஏறல. புத்தகத்தை என் பக்கம் திருப்பி, படிச்சுப் பார்த்துட்டு கையெழுத்துப் போடும்மான்னாரு. நானும் படிக்கற மாதிரி ரெண்டு நிமிஷம் உத்துப் பார்த்துட்டு, தலையை ஆட்டிட்டு, கையெழுத்தைப் போட்டுட்டு ஓடிவந்துட்டேன். வாங்கின பிரதியில ஆணா பொண்ணாங்கற இடத்துல மை கொட்டியிருந்துச்சு, இத்தனை வருஷம் யாரும் கவனிக்கல.

படிக்கற மாதிரின்னு எழுதியிருக்கேன் பாரு. எனக்கு அப்ப வாசிக்கத் தெரியாதுடி. என் பேரை மட்டும் கல்யாணத்துக்காகப் போட்டுப் பழகியிருந்தேன். நீ சின்னவளா இருக்கறப்ப பேப்பரை விரிச்சு உனக்குச் செய்தி வாசிப்பேனே, பக்கத்து ஊர் மேயர் வீட்டு ஆடு ஓட்டுப் பெட்டியைத் தின்னுடுச்சு, திமிங்கலம் ஒண்ணு ரயில்ல ஏறி சகாதேகாஸ் வந்துச்சுன்னு, அது எதுவும் பேப்பர்ல இல்ல. நீ அதை டீச்சர்கிட்டப் போய்ச் சொல்லி அடி வாங்கினே, அப்பவும் நான் வாயைத் திறக்கல. அப்புறம் நீ முதல் வகுப்பு போனதும், வரி மேல விரல் வச்சு சத்தமா வாசி, தப்பு இருக்கான்னு அம்மா பார்க்கறேன்னு தினமும் உன்னை உட்கார வச்சேனே, தப்பு பார்க்க இல்லடி. உன் விரலைப் பார்த்து நான் கத்துக்கிட்டேன். நீ ரெண்டாம் வகுப்பு முடிக்கறதுக்குள்ள நானும் முடிச்சுட்டேன்.

இது தெரிஞ்ச ஒரே ஆளு உங்கப்பா. நீ கோவிச்சுக்கிட்டப்போ அவரு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதும். சொன்னா என் விஷயம் உனக்குத் தெரிஞ்சுடும்னு எட்டு வாரம் தாழ்ப்பாளைத் திருகிக்கிட்டு நின்னாரு. நேத்து புத்தகத்தைப் பார்த்துட்டு வெளிய வந்ததும், எதுக்குங்க என்னைக் காட்டிக் குடுக்கலைன்னு கேட்டேன். அவ உன்மேல கோவிச்சுக்கிட்டா யாருகிட்டயாவது பேச வேணாமா, ஒருத்தராவது ஃபோன்ல இருக்கட்டும்னு விட்டுட்டேன்னாரு. எனக்கு வெக்கமாப் போச்சு குக்கா. அங்கேயே பிளாசா பெஞ்சுல உட்கார்ந்து அழுதேன், அவரு எனக்கு ஐஸ் வாங்கிக் குடுத்தாரு. உன்னைப் பையன்னு யாரும் நினைச்சுடக்கூடாதுன்னு ஓடின மனுஷன்டி, அவரைப் போய் நீ அப்படிச் சொல்லலாமா, அதை நான் ஆமாம்னு சொல்லலாமா.

சரி, மூக்கைத் துடைச்சுக்கோ. ஏப்ரல் 24ஆம் தேதி உனக்கு மறுபடி நேரம் குடுத்திருக்காங்க, இந்தக் காகிதத்தை மடிக்காம கொண்டு போ. அங்க குடுத்த பிறப்புச் சீட்டுல நொயேமி பர்ராசான்னு அபெல் வீட்டுப் பேரோட நிறுத்திட்டாங்களே, அப்படி விட்டுடாதே, உன் வீட்டுப் பேரையும் சேர்த்து நொயேமி பர்ராசா மோந்தெஸ்னு போடச் சொல்லு. நாளைக்கே உங்களை அங்கேருந்து துரத்திடுவாங்களோ என்னவோ, எனக்கு அந்தப் பயம் தினமும் இருக்கு, வெளிய சொல்றதில்ல. எது நடந்தாலும் என் பேத்தி இந்த ஊருக்கு விருந்தாளியா வரக்கூடாது, வீட்டுப் பிள்ளையா வரணும். உன்னோட அந்தத் தோடு ரெண்டும் இன்னும் என்கிட்ட இருக்கு. உங்கப்பா கவர்ல போட்டு அனுப்புன்னாரு, நான் மாட்டேன்னுட்டேன், வேணும்னா அவளே வந்து வாங்கிக்கட்டும்.

மாதா உங்க மூணு பேரையும் தன் முந்தானைக்குள்ள வச்சுக் காப்பாத்தட்டும். அபெலுக்குச் சளி பிடிச்சா தேனும் எலுமிச்சையும் குடு, மாத்திரையைக் குடுக்காதே. ஞாயித்துக்கிழமை ஃபோன் பண்ணினா என்னைக் கேக்காதே, முதல்ல அப்பாவைக் கேளு, தாழ்ப்பாள் கழண்டு விழப்போகுது. தூதரகத்துல புத்தகத்தை உன் பக்கம் திருப்பினா அவசரப்படாதே, குழந்தை கத்தினாலும் கத்தட்டும், ஒவ்வொரு வரியா விரல் வச்சுப் படி. நேத்து நான் அப்படித்தான் படிச்சேன், சத்தமா, மூணு தடவை, பின்னாடி வரிசையில நின்னவங்க முணுமுணுத்தாங்க, லிசெத்கூடப் போதும்மான்னு கெஞ்சினா. பெண், பெண், பெண்ணுன்னு மூணு தடவையும் இருந்துச்சு.

இதைத் தானே எழுதி, வாசித்துப் பார்த்து, சரியென ஒப்புக்கொண்டு கையெழுத்திடும்
உன் அம்மா,
தெல்ஃபினா ஒலாகே