ஊதா மழைக்கோட்டு

புரட்டாசி 21, செவ்வாய்

எழுந்ததும் முதல் வேலை கோலம். தூறலில் பாதி கரைந்தது. எதிர்வீட்டுக் கேமராவைப் பார்த்தபடி குனிவதா, முதுகைக் காட்டுவதா என்ற யோசனை இல்லாமல் கோலம் போட்டு ஒரு வருஷம் ஆகிறது.

ஹெல்மெட், ஊதா மழைக்கோட்டு, ஸ்கூட்டர். எதிர்வீட்டு அண்ணன்: "தெருமுனை கேமராவுல உங்க ஊதா கோட்டு வந்தா மணி எட்டரைனு எங்க வீட்ல சொல்வாங்கம்மா." சிரித்து வைத்தேன்.

நேற்றுப் பௌர்ணமி. நான் வேலை பார்க்கும் லாட்ஜில் கூட்டம் இன்னும் குறையவில்லை. ஆறாம் அறைக்காரர் ரிசப்ஷனில் என் எதிரே நின்று அழுதார். மனைவியோடு கிரிவலம் வந்தாராம், அடி அண்ணாமலை பக்கம் தவறவிட்டாராம். "புத்தி கொஞ்சம் சரியில்ல மேடம். ஊர் பேர்கூட சொல்லத் தெரியாது." போட்டோ. பச்சைப் புடவை.

வழக்கம்போல் எங்கள் வாட்ஸாப் குழுவில் போட்டேன். லாட்ஜ், டீக்கடை, பூக்கடை எல்லாரும் அதில். கூட்டத்தில் தொலைந்தவர்களை அவரவர் கேமராவில் தேடிப் பிடிப்போம். போன பௌர்ணமிக்கு ஒரு குழந்தை, ஒரு பெரியவர். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு. ஆறாம் அறைக்காரரையும் குழுவில் சேர்த்துவிட்டேன்.

மதியத்துக்குள் ஏழு கிளிப்.

நாலாவதை மூன்று தடவை பார்த்தேன். அவள் திரும்பிப் பார்க்கிறாள். குனிகிறாள். இரண்டு கொலுசையும் கழற்றிப் பையில் போடுகிறாள். கூட்டத்துக்கு எதிர்த்திசையில் நடக்கிறாள், வேகமாக.

தொலைந்தவள் எதற்குக் கொலுசைக் கழற்ற வேண்டும்?

புதன்

மேகமூட்டம். கேஸ் புக் செய்ய வேண்டும். பால் திரிந்துவிட்டது.

சுமதி போன் செய்தாள். என்னோடு காலேஜில் படித்தவள், இப்போது மருந்துக்கடை. "யேய், நீ தேடுற ஆளு எங்க மாடிலதான் இருக்கா. கையில சூடு வச்ச காயம். மருந்து வாங்க வந்தா. புத்தியெல்லாம் நல்லாத்தான் இருக்கு, பி.காம் படிச்சவ. எங்க வீட்டுக்காரரு இது தெரியாம கிளிப்பப் போட்டுட்டாரு."

"போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயேன்."

"சொன்னேன். அக்கா பக்கத்துல இருந்தாதான் பேசுவேங்கறா. அக்கா செஞ்சியில."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால் எதிர் சோபாவில் ஆறாம் அறைக்காரர். ஏழாவது கிளிப்பை, சுமதி வீட்டுக்காரர் போட்டதை, நிறுத்தி, விரலால் பெரிதாக்கி. "மேடம், இந்த நீல ஷட்டர் எந்தத் தெருவு?"

"தெரியலைங்க."

"பரவால்ல, குரூப்ல கேக்கறேன்."

நாலே நிமிஷம். யாரோ தெரு பெயர், வரைபடத்தோடு. கூடவே ஒரு கும்பிடு. அந்தப் பதிலை அழித்தேன். சோபா காலி.

நேரே மருந்துக்கடைக்கே போயிருக்கிறார். சுமதி சமாளித்தாளாம், மருந்து வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் போனாள் என்று. கும்பிட்டுவிட்டுப் போனாராம்.

சாப்பாடு இறங்கவில்லை. வீட்டில் இவர் கேட்டார், தலைவலி என்றேன். அந்த ஆளைக் குழுவில் சேர்த்துவிட்டது நான்தான்.

வியாழன்

விடாத மழை.

காலையில் ஆறாம் அறைச் சாவியைக் கொடுக்கும்போது அவர்: "கோட்டு நல்லாருக்கு மேடம். தூரத்துல வரும்போதே நீங்கதான்னு தெரியுது."

பத்து மணியிலிருந்து சுமதி கடைக்கு எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். அங்கிருந்தே குழுவில்: "பஸ் ஸ்டாண்டு கேமரா எதுலயும் இல்லீங்க. அப்ப இந்தத் தெருவ விட்டு வெளிய போகலனுதானே அர்த்தம்?" கீழே கட்டைவிரல்கள். ஒருத்தர்: "கவலப்படாதீங்க சார், நம்ம கண்ணுல இருந்து யாரும் தப்ப முடியாது."

நல்லவர்கள். எல்லாரையும் எனக்குத் தெரியும்.

கொலுசைப் பற்றி எழுதலாம் என்று நாலு முறை தட்டச்சு செய்து நாலு முறை அழித்தேன். எழுதினால் நான் அவள் பக்கம் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

சாயங்காலம் சுமதி: "கடைக்கு ஒரு வாசல்தான்டி. மாடிப்படியும் உள்ளேர்ந்துதான். எத்தன நாளைக்கு?"

அவளுக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியுமா என்று கேட்டேன். தெரியுமாம். என் உயரமா என்று கேட்டேன். "ஒரு விரக்கட கம்மி. ஏன்?"

அக்காக்காரியைக் காலை ஒன்பதரைக்குக் கீழ்பென்னாத்தூரில் நிற்கச் சொல் என்று மட்டும் சொன்னேன்.

கோட்டு கொடியில், இன்னும் ஈரம். நாளை எட்டரைக்குத் தெருமுனையில் அதைப் பார்ப்பார்கள். எட்டே முக்காலுக்குச் சுமதி கடை வாசலில் அவர் பார்ப்பார். மாத்திரை வாங்க உள்ளே போகும் ஊதா கோட்டு, ஹெல்மெட்டோடு. ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்து, என் வண்டியை எடுத்துக்கொண்டு போகும்.

நான் மாடியில் இருப்பேன்.