அட்டைக்குப் பவுடர் போட்ட நாள்

அக்கா, இந்தப் பள்ளியில் எல்லா வகுப்புக்கும் இணைய வசதி உண்டு என்று கோப்பில் எழுதிக் கொடுத்தவர் பொய்யர். நேற்று ஒரு புதிர்ப் போட்டி நடத்த இருபது நிமிடம் மடிக்கணினியோடு மல்லுக்கட்டினேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எரிச்சலோடு அலமாரியைத் திறந்து உங்கள் அட்டைக் கட்டை எடுத்தேன். முகப்பவுடர் வாசனை இன்னும் போகவில்லை. பிள்ளைகள் முன்னால் தனியாக நின்று சிரித்தேன்.

சுங்கை சிப்புட் டவுனுக்கு வெளியே, ரப்பர் மரங்கள் போய் செம்பனை வந்துவிட்ட தோட்டத்தில், இதே பள்ளிக்குத்தான் நம் இருவரையும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நான் இருபத்து மூன்று வயதுப் பையன். நீங்கள் நாற்பதைத் தாண்டியவர். கையுறைத் தொழிற்சாலையில் பல ஆண்டு நின்று, மாலையில் படித்துப் பட்டம் வாங்கி வந்தவர். அதிகாரி வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்த்த முதல் கண்காணிப்பில் உங்களைத் தோல்வி என்று எழுதிவிட்டார்கள். தொழில்நுட்பம் பயன்படுத்தவில்லையாம். மின்விசிறியே ஓடாத வகுப்பில்! இரண்டாம் முறையும் தோற்றால் ஆசிரியர் வேலை கிடையாது.

"தம்பி, நீ உன் கிளாஸ்ல நடத்துற அந்த போன் புதிர எனக்குச் சொல்லிக் கொடு. ஆனா ஏசாம சொல்லிக் கொடுக்கணும்" என்று வந்தீர்கள்.

கேண்டீன் மேசையில் அட்டைகளைப் பரப்பினேன். பிள்ளைக்கு ஓர் அட்டை, அதில் கறுப்புக் கட்டங்கள். எந்தப் பக்கத்தை மேலே பிடிக்கிறார்களோ அதுதான் பதில். ஆசிரியர் தன் ஒரே கைப்பேசியை வகுப்பின் மேல் ஓட்டினால், பதில் வந்த பிள்ளைகளின் பெயரெல்லாம் அதன் திரையில் பச்சையாகும். நீங்கள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினீர்கள்.

"ஃபேக்டரில பெட்டிக்கு இப்படித்தான் ஸ்கேன் அடிப்போம்லா! இதுக்கா ரெண்டு நாளா சோறு இறங்காம கிடந்தேன்?"

தப்பு அதற்குப் பிறகுதான் நடந்தது. நம் ஆசிரியர்களுக்குக் கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் லேமினேட் செய்யாவிட்டால் தூக்கம் வராது. நீங்களும் இருபத்திரண்டு அட்டைகளையும் பளபளவென்று லேமினேட் செய்தீர்கள். நானும் கூட உட்கார்ந்து ஓரம் வெட்டினேன்.

இரண்டாம் கண்காணிப்பு நாள். பின்வரிசையில் அதிகாரி, பக்கத்தில் நான். பின்னம் பாடம். பிள்ளைகள் அட்டையைத் தூக்கினார்கள். சன்னல் வெயில் அத்தனை அட்டையிலும் பட்டுத் தெறித்தது. அந்தப் பளபளப்பில் கைப்பேசிக்குக் கட்டங்கள் தெரியாமல், மூன்று பெயர்தான் பச்சையானது. திரும்பவும் ஓட்டினீர்கள். அதே மூன்று. அதிகாரி பேனாவைத் திறந்தார்.

நீங்கள் ஓர் அட்டையை வாங்கிச் சாய்த்துப் பார்த்தீர்கள். பிறகு பிள்ளைகளைப் பார்த்தீர்கள். காலையில் அம்மாக்கள் அப்பி அனுப்பிய வெள்ளை முகங்கள்.

"அட்டைக்கு மூஞ்சில எண்ணெ வழியுதுடா. பவுடர் போட்டு விடுவோமா?"

கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்துத் தூவித் தேய்க்கச் சொன்னீர்கள். முன்வரிசைச் சிறுமி, "டீச்சர், எனக்கு டப்பா வேணாம், இதுவே போதும்" என்று அட்டையைப் பவுடர் அப்பிய தன் கன்னத்தில் தேய்த்தாள். வகுப்பு உருண்டு சிரித்தது. மினுமினுப்பு மங்கியது. கைப்பேசியை ஓட்டினீர்கள். பெயர்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாகி, இருபத்திரண்டும் நிறைந்தபோது பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஓடி வந்தார்.

தேறினீர்கள். மயிரிழையில். 'வகுப்புக் கட்டுப்பாடு' கட்டத்தில் மிகக் குறைந்த மதிப்பெண். பக்கத்தில் காரணம்: மாணவர்கள் சிரித்தனர்.

நான் கொதித்தேன். நீங்கள் என் தோளில் ஒன்று போட்டீர்கள். "பாஸ்னா பாஸ்தான்லா. கோவப்படுறதுக்கு தனியா அலவன்ஸா தாராங்க? வா, மீ கோரேங் சாப்பிடலாம்."

அதன்பின் இங்கேயே நான்கு ஆண்டு கற்பித்தீர்கள். உங்கள் வகுப்புச் சிரிப்பு சாலைவரை கேட்கும். லாரிக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். போன ஆண்டு நோய் உங்களைக் கொண்டுபோனது. உங்கள் வகுப்பை என்னிடம் கொடுத்தார்கள்.

இன்று காலை ஈப்போவில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சிப் பட்டறை. மேடையில் அதே அதிகாரி. 'சிரிக்கும் வகுப்பே கற்கும் வகுப்பு' என்று திரையில் போட்டு விளக்கினார். கேள்வி உண்டா என்றார். எழுந்தேன்.

"சார், பிள்ளைங்க சிரிச்சாங்கன்னு ஒரு டீச்சருக்கு மார்க் வெட்டுனீங்க. அவங்க இப்ப இல்ல. அந்த மார்க் தாளத் திருத்திக் கொடுங்க."

அவர் தண்ணீர் குடித்தார். அடுத்த கேள்வி என்றார். நான் உட்காரவில்லை, அக்கா.

"திருத்திக் கொடுங்க, சார்."