ஒரே மூச்சில் பாடிய அடி

அண்ணே,

நேற்று கீழ் லயத்து வீடுகளின் முன்னால் காமன் கூத்துக்குத் தப்பு அடிக்கத் தொடங்கினார்கள். வருடா வருடம் நீங்கள் பாடிய முதல் அடியை, நீங்கள் இல்லாத இந்த வருடம் புதியவன் ஒருவன் எடுத்தான். பாதியில் மூச்சு வாங்கினான். எனக்கு நீங்கள் விழுந்த அந்த வருடம் ஞாபகம் வந்தது.

அந்த மாசியில் லயமெங்கும் வயிற்றோட்டம். உங்களுக்கும் வந்து, பிறகு நின்றுபோயிற்று. தேறிவிட்டோம் என்று தேயிலை ஸ்டோருக்கு வேலைக்குப் போனவர் படியில் இடறினீர்கள். மறுநாள் குந்தினால் எழ முடியவில்லை.

"வேலைக்குக் கள்ளம்" என்றார் கங்காணி.

"வெரதத்துல கறி தின்னாரு. காமன் சும்மா விடுவாரா?" என்று அண்ணி அழுதார்.

நான் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவன், டாக்டர் அல்ல. இளம்பிள்ளை வாதமோ என்றுதான் முதலில் பயந்தேன். ஆனால் காய்ச்சல் இல்லை. இரண்டு காலும் ஒன்றுபோல் தளர்ந்திருந்தன. முழங்காலில் தட்டினேன், பாதம் துள்ளவில்லை. இப்படி ஒன்றைப் படித்த ஞாபகம். அறைக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்தேன். தொற்று ஆறியபின் நரம்புகள் சோரலாம், தளர்ச்சி காலில் தொடங்கி மேலேறும், நெஞ்சுக்கு வந்தால் மூச்சு நிற்கும் என்றிருந்தது. நம்பாமல் இன்னொரு முறை படித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

"அண்ணே, மொத அடிய ஒரே மூச்சுல பாடுங்க."

"கால பாக்க வந்துட்டுப் பாட்டு கேக்குறியே தம்பி, ஒனக்குத்தான் மண்டையில கோளாறு!"

பாடி முடித்தீர்கள். மத்தியானம் மறுபடி கேட்டேன். பாதியில் நின்றுபோயிற்று. இப்போது நீங்கள் சிரிக்கவில்லை.

தோட்டத் துரையிடம் லொறி கேட்டுப் பங்களாவுக்கு ஓடினேன். லொறியில் தேயிலைப் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. "நாளைக்கு அனுப்பு" என்றார் துரை. அவர் முன்னால் "யெஸ் சார்" தவிர வேறெதுவும் சொல்லிப் பழகாதவன் நான்.

"நாளைக்கு மூச்சு இருக்காது, சார்."

சொன்ன பிறகுதான் யோசித்தேன். என் கணிப்புப் பிழையென்றால்? துரை என்னையே பார்த்தார். பிறகு பெட்டிகளை இறக்கச் சொன்னார்.

கண்டி ஆஸ்பத்திரி வரைக்கும் வளைவுக்கு வளைவு உங்களைப் பாட வைத்தேன். "என்னைய ரேடியோவுக்கா கூட்டிட்டுப் போற?" என்று கினிகத்தேனையில் கேட்டீர்கள். நாவலப்பிட்டி தாண்டியதும் இரண்டு சொல்தான் வந்தது. கண்டிக்குள் நுழையும்போது உதடு மட்டும் அசைந்தது. பெரிய டாக்டர் முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றும் கேட்காமல் மூச்சு யந்திரத்தைக் கொண்டுவரச் சொன்னார். என் கணிப்புச் சரி என்று தெரிந்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, அண்ணே.

பலம் திரும்பியபோது கால்தான் கடைசி. அடுத்த கூத்தில் கம்பு ஊன்றி நின்று பாடினீர்கள். அன்று பாதியில் நின்ற அந்த இடம் வந்ததும் என்னைத் தேடிப் பார்த்து, கண்ணடித்து, அடியை முழுதாக இழுத்தீர்கள். அதன்பின் உங்களுக்கு எத்தனையோ கூத்து. ஒவ்வொன்றிலும் அடி முடியும்வரை நான் மூச்சு விட்டதில்லை.

நேற்றுக் கூத்து முடிந்ததும் அந்தப் புதியவனைக் கூப்பிட்டேன்.

"சளிதாங்க ஐயா" என்று சிரித்தான்.

இருந்தாலும் அவனைக் குந்தி எழச் சொன்னேன். இரண்டு காலும் உறுதியாக எழுந்ததைப் பார்த்த பிறகே வீட்டுக்கு வந்தேன்.