இடித்துக் கட்டிய மாடிச்சுவர்

மார்ச் 4, செவ்வாய்

ஆபீஸைத் திறக்கும்போதே ஒரு ஆள் வாசலில் நின்றிருந்தான். கையெழுத்து வாங்கிக்கொண்டு நோட்டீஸைக் கொடுத்துவிட்டுப் போனான். இருபத்தோரு நாளில் பணம் கட்ட வேண்டும். இல்லையென்றால் எங்கள் கட்டடக் கம்பெனியைக் கலைக்கச் சொல்லி கோர்ட்டுக்குப் போவார்களாம்.

அனுப்பியிருப்பது மேஸ்திரி. என் கணவரோடு பதினாறு வருஷம் வேலை பார்த்தவர். ஏழு மாதம் முன்பு இவர் இறந்த அன்று முதல் ஆளாக வந்து நின்றவர்.

கிளினிக் கட்டடத்தில் இரண்டாம் மாடிச் சுவரை இடித்து, மறுபடி கட்டியதற்கான பணமாம். ஒப்பந்தத்தில் அந்த வேலை இல்லை. அண்ணன் வாயால் சொன்னார் என்கிறார், இவரைத்தான் அப்படிக் கூப்பிடுவார். கேட்பதற்கு அண்ணன் இல்லையே.

மார்ச் 6, வியாழன்

வக்கீலைப் பார்த்தேன். எழுத்தில் எதுவும் இல்லை, தகராறு இருக்கிறது என்று காட்டினாலே நோட்டீஸ் நிற்காதாம். யார் சொல்வது நிஜம் என்பதற்கு மேஸ்திரி தனியாக வழக்குப் போட வேண்டும். "அந்த அளவுக்கு அவருக்கு வசதி இருக்காதும்மா" என்றார், நல்ல சேதி சொல்வதுபோல.

மார்ச் 11, செவ்வாய்

எனக்கு ஞாபகம் இருக்கிறது. இந்த நோட்டில்கூட எழுதாமல் எத்தனை நாள் ஓட்டுவேன்?

ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு, இவர் மேஸ்திரியிடம் போனில் சொன்னார்: "இடிச்சுட்டுக் கட்டுப்பா. நான் பாத்துக்கறேன்." எந்தச் சுவர் என்று சொல்லவில்லை — வேறு எந்தச் சுவராம்?

மகளிடம் சொன்னேன். இப்போது கொடுத்தால் பன்னிரண்டு பேருக்குச் சம்பளம் போட முடியாது என்றாள். "பேசாம இரும்மா. அப்பா கட்டின கம்பெனி."

மார்ச் 17, திங்கள்

நோட்டீஸை ரத்து செய்யக் கேட்டு கோர்ட்டில் கொடுக்கும் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். 'அப்படி ஒரு உத்தரவு தரப்பட்டதாக எனக்குத் தெரியாது.'

ஏப்ரல் 9, புதன்

கோர்ட்டில் நோட்டீஸ் ரத்து. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

வராந்தாவில் மேஸ்திரி எதிரே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"அண்ணி, அன்னைக்கு நீங்க பக்கத்துலதான இருந்தீங்க? 'போனை வைங்க, டாக்டர் வர்றாரு'ன்னு நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சே."

பைக்குள் எதையோ தேடினேன். நிமிர்ந்தபோது அவர் படி இறங்கிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 10, வியாழன்

சொன்னேன். ஆமாம், சொன்னேன்.

ஜூன் 20, வெள்ளி

கிளினிக்காரர்கள் கடைசி பில்லைத் தீர்த்துவிட்டார்கள். சம்பளம் போக மிஞ்சியதை ஒரு உறையில் போட்டுக்கொண்டு மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை. வெளியூரில் தினக்கூலிக்குப் போகிறாராம். அவர் மனைவி உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். உறையைத் தொடவில்லை.

"பணம் இருக்கட்டும்க்கா. அண்ணன் சொல்லித்தான் அந்தச் சுவரைக் கட்டுனாருன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. பொய் பில் போட்டவருன்னு இங்க ஒருத்தரும் அவருக்கு வேலை குடுக்கல."

எழுதிக் கொடுத்தால், கோர்ட்டில் நான் கொடுத்த பத்திரம் என்ன ஆகும்?

வக்கீலைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.