கவரின் பின்பக்கத்தில் உன் பெயர்

அன்பு மாப்ளே முனிராஜ்,

நீ இருக்கும் இடத்துக்குப் பின்கோடு கிடையாது. அதனால் இந்தக் கடிதத்தில் முத்திரை விழாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அதற்கும் என்னிடம் சண்டைக்கு வருவாய்.

இங்கே எல்லாம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. சிப்காட் ரோட்டில் காலை ஷிஃப்டு பஸ்கள் வழக்கம்போல வழிமறித்து நிற்கின்றன. கம்பெனியில் உன் இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. பாவம், அவர் என்ன செய்வார்?

முத்திரை விழுந்த தபால் கவர்களைச் சேர்த்து வைத்தாயே, உன் அந்தக் கவர் ஆல்பத்தைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். கிருஷ்ணகிரியில் தபால்தலைக் கண்காட்சி நடந்தது. தபால்தலை சேர்க்கும் நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தார் உன் கவர்களை வைத்தே ஆக வேண்டும் என்றார்கள். தங்கச்சி மஞ்சுளாவைக் கேட்டேன். பீரோவிலிருந்து ஆல்பத்தை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள்.

கவர் சேர்ப்பவர்கள் அந்தந்த ஊர் முத்திரைக்காக ஊர் ஊராகப் போய்த் தங்களுக்கே தபால் போட்டுக்கொள்வது வழக்கம்தான். தளி, அத்திப்பள்ளி என்று நீயும் பைக்கை முறுக்கிக்கொண்டு அலைந்தாய். ஆனால் நீ மட்டும் பெறுநர் இடத்தில் உன் பெண்டாட்டி பெயரை எழுதினாய். கேட்டால், தபால்காரர் வரும்போது நான் ஷிஃப்டில் இருப்பேன், வீட்டில் இருப்பவள் பெயரைத்தானே போட முடியும் என்பாய். அது மட்டும்தான் காரணமா மாப்ளே? இனி யாரைப் பிடித்துக் கேட்பது?

பிளாஸ்டிக் பை மிச்சமாகும் என்று ஒரே பைக்குள் இரண்டு கவர்களை முதுகோடு முதுகாகச் செருகியிருந்தாய், புண்ணியவானே. போய்ச் சேர்ந்த ஊரின் முத்திரை பின்பக்கத்தில்தானே இருக்கிறது, அதை இப்படி மறைக்கலாமா என்று எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டிருப்பேன்! நீ சிரித்துவிட்டு டீ சொல்லுவாய்.

ஒவ்வொன்றாக உருவி எடுத்தேன். முன்பக்கமெல்லாம் மஞ்சுளாவின் பெயர். பின்பக்கமெல்லாம் நம் ஓசூர் முத்திரை, அதற்குக் கீழே உன் கோணல் எழுத்தில் ‘அனுப்புநர்: முனிராஜ்’. மஞ்சுளா ஒவ்வொரு கவரையும் வாங்கி, உன் பெயர் மேலே தெரியும்படி மடியில் வைத்துக்கொண்டாள். கண்காட்சியில் இந்தப் பக்கமும் தெரியுமா என்று கேட்டாள்.

தெரியாது என்பதுதான் சிக்கல். கண்காட்சியில் கவர்களைப் பதிக்கும் மரச்சட்டங்களைச் சுவரோடு சாய்த்து வைப்பார்கள். பின்பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார் அமைப்பாளர். அதைப் போய் மஞ்சுளாவிடம் சொன்னேன். அதுவரை கல் மாதிரி இருந்தவள் உடைந்துபோனாள்.

“அவரு போனதுலருந்து ஜெராக்ஸ்தாண்ணா எடுத்துனு இருக்கேன். பேங்குக்கு ஒண்ணு, பி.எஃப். ஆபீசுக்கு ஒண்ணு. இதுலயும் ஜெராக்ஸ்னா வேணாம். ஆல்பம் வீட்லயே இருக்கட்டும்.”

மறுநாளே அமைப்பாளரிடம் போய், எங்களுக்குச் சுவர் வேண்டாம், கூடத்தின் நடுவில் ஒரு மேஜை போதும் என்றேன். அப்படியானால் பரிசுக்குச் சேர்த்துக்கொள்ள முடியாது என்றார். பரிசு கிடக்கிறது போங்கள் என்று சொல்லிவிட்டேன். உனக்கு அதில் வருத்தமில்லையே?

கறுப்பு அட்டைகளில் கவரைவிட ஒரு நூல் அளவு சின்னதாக ஜன்னல் வெட்டினேன். கண்ணாடித் தாள் பைக்குள் கவரைப் போட்டு, இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து ஓரத்தை ஒட்டினேன். கவர் மேல் ஒரு சொட்டுப் பசை படவில்லை, பயப்படாதே. நம் கம்பெனி ஃபேப்ரிகேஷன் ஆட்கள் ஸ்டாண்டு செய்து கொடுத்தார்கள். உன் பேரைச் சொன்னதும் டீக்குக்கூடக் காசு வாங்கவில்லை.

கூடத்தில் வந்தவர்கள் முதலில் முன்பக்கம் பார்த்தார்கள், பிறகு சுற்றி வந்தார்கள். மஞ்சுளா நாள் முழுக்கப் பின்பக்கத்திலேயே நின்றாள். யாரம்மா இந்த முனிராஜ், எல்லாத்தையும் அனுப்பியிருக்கிறாரே என்று ஒரு பெரியவர் கேட்டார். எங்க வீட்டுக்காரரு என்றாள். குரல் தெளிவாக இருந்தது. நான்தான் வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தேன்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். போன வாரம் உன் பெண்டாட்டி என்ன செய்தாள் தெரியுமா? நீ போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்து போகாமல் விட்ட அஞ்செட்டிக்குத் தனியாகப் பஸ் ஏறிப் போயிருக்கிறாள். ஒரு கவர் வாங்கி, பெறுநர் முனிராஜ் என்று முன்னால் எழுதி, பின்னால் தன் பெயரை எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

கவர் ஓசூர் முத்திரையோடு வீட்டு வாசலுக்கு வந்தது. தபால்காரர் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றாராம். பெறுநர் இல்லையென்றால் அதை எழுதி, அனுப்பியவருக்கே திருப்ப வேண்டும் என்பது அவர்கள் விதி. எழுதுங்கண்ணா, அனுப்புனவ நான்தான், என்கிட்டயே குடுத்துடுங்க என்று இவளே பேனாவை எடுத்து நீட்டியிருக்கிறாள். உன் பெயருக்குக் கீழே ‘காலமானார்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த மனிதர் செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் போனாராம்.

நேற்று அதை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். என்னால் அந்த எழுத்தைப் பார்க்க முடியவில்லை. இதை மட்டும் பின்பக்கம் தெரியும்படி ஒட்டிவிடட்டுமா, அவள் பெயர் மட்டும் தெரிந்தால் போதுமே என்றேன்.

“வேணாண்ணா. ரெண்டு பக்கமும் தெரியட்டும்.”

வருகிற ஞாயிற்றுக்கிழமை அட்டை வெட்டுகிறேன் மாப்ளே. ஜன்னல் இரண்டு பக்கமும் இருக்கும். இது என் வாக்கு.

மஞ்சுளாவுக்கு அண்ணனும்
உனக்கு என்றும் மச்சானுமான
கண்ணன்