சந்திரம்மா டீச்சர் விட்ட வண்டி

அன்புள்ள ரஞ்சிதாவுக்கு, உன் நைனா காத்தவராயன் சொல்ல, நம் காலேஜ் ஆபீசில் டைப் அடித்து ரிட்டயர் ஆன கேசவன் எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி அரவிந்தனும் அவன் பெண்சாதியும் குழந்தையும் வேளைக்குச் சோறு தின்று நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், அந்த அஸ்ஸாம் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் விடிந்ததும் கிழக்கே பார்த்துக் கும்பிடுகிறேன். எழுத உட்கார்ந்ததுமே கேசவன் கேட்டார், அண்ணாத்த, ரஞ்சி அஸ்ஸாமுக்கு வாத்தியார் வேலைக்குப் போயி எத்தினி வருஷம் ஆவுதுன்னு. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் எது எப்போது என்று கேட்டால் மறக்காது. நம் ஜில்லாவை இரண்டாக உடைத்து செங்கல்பட்டு என்கிற பேரையே எடுத்தார்களே, அந்த வருஷம். சுதந்திரம் வந்து அம்பது வருஷம் என்று காலேஜில் மிட்டாய் கொடுத்தார்கள், ரிட்டயர் ஆன என்னையும் கூப்பிட்டுக் கொடுத்தார்கள், உன் அம்மா அதைத் தின்னாமல் டப்பாவில் போட்டு வைத்து, நீ சென்ட்ரலில் ரயில் ஏறும்போது பிசுபிசுத்துப் போனதை உன் கையில் வைத்து மூடினாள், நினைவிருக்கிறதா. அப்போ தொண்ணூத்தியேழு என்று கேசவன் விரலை மடக்கிச் சொன்னார்.

போன கார்த்திகை மழையில் மதுராந்தகம் ஏரி நிரம்பி வழிந்ததை நீ டிவியில் பார்த்திருப்பாய், நம் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, கொல்லைச் சுவர் மட்டும் சாய்ந்தது, அரவிந்தன் லீவு போட்டு அவனே கட்டிவிட்டான், கோணலாகத்தான் இருக்கிறது, நீ வந்து பார்த்தால் சிரிக்காதே, ரோஷக்காரன். கடற்கரையில் சுனாமி அலை வந்து ஒரு வருஷம் முடிந்த அன்று ஊரார் எல்லோரும் தண்ணீரில் பால் ஊற்றினோம். உன் அம்மா அந்த அலையைப் பார்க்காமல் போனது ஒரு விதத்தில் நல்லது, அவள் பிறந்த வீடு நின்ற இடத்தில் இப்போது வெறும் மணல்தான்.

உன் கடிதம் வந்தது. கேசவன் இரண்டு தரம் வாசித்தார். உங்கள் யூனிவர்சிடிக்கு யாரோ ஆராய்ச்சிக்காரர் வந்து, வாத்தியார்களுக்கு வேலையில் திருப்தி இருக்கிறதா, ஸ்தாபனத்தின் மேல் பற்று இருக்கிறதா என்று ஒரு கத்தைக் கேள்வி கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மார்க் போடச் சொன்னாராம், இந்த இடம் உங்கள் குடும்பம் போல இருக்கிறதா என்று ஒரு கேள்வியாம். அங்கே வந்ததும் கேசவன் சிரித்துவிட்டார், குடும்பத்துக்கே அஞ்சு மார்க் போட முடியாது அண்ணாத்த, ஆபீசுக்கு எங்கேர்ந்து போடறதுன்னு. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் நீ அந்தக் கேள்விக்குப் பதில் போட முடியாமல் பேனாவை மூடி வைத்துவிட்டு பாத்ரூமில் போய் அழுதேன் என்று எழுதியிருந்தாயே, அதோடு சிரிப்பு நின்றது. நாள் முழுக்க மேலிடத்திலிருந்து சோதிக்க வரும் குழுவுக்கு ஃபைல் தைக்கிறேன், பிள்ளைகளை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய் இரண்டு வருஷம் ஆகிறது, வகுப்பில் நின்றாலும் கண் கேட்டைப் பார்க்கிறது, எனக்கு விலங்கியல் நடத்திய சந்திரம்மா டீச்சரைப் போல எனக்குப் பற்று இல்லை, அவர் ஒரு நாளும் ரயில் வண்டிக்காகப் பாடத்தை விட்டதில்லை, நான் இந்த வேலைக்கே லாயக்கில்லை என்று எழுதியிருக்கிறாய். அதனால் ராஜினாமா கொடுத்துவிட்டு இங்கே கடற்கரை ரோட்டில் வந்திருக்கிற புது இன்ஜினியரிங் காலேஜில் சேரப் போகிறேன், வயதான தகப்பனாரைப் பார்த்துக்கொள்ள என்று காரணம் சொல்லிவிட்டால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறாய்.

உண்மையைச் சொல்கிறேன் கண்ணு, அந்த வரி வரைக்கும் வந்ததும் எனக்கு மற்றதெல்லாம் மறந்து போயிற்று. ரஞ்சி வராளாம்டி என்று உன் அம்மா படத்துக்கு முன்னால் போய்ச் சொன்னேன். அரவிந்தனிடம் கொல்லை ரூமை வெள்ளையடிக்கச் சொன்னேன். மறுநாள் டீக்கடையில் நின்றபோதுதான் உறைத்தது, வருகிறேன் என்று சொன்ன பெண் ஏன் அழுதுகொண்டே வருகிறாள் என்று. அந்தப் புது காலேஜில் விலங்கியலே கிடையாதாமே, கேசவன் விசாரித்தார், முதல் வருஷப் பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் என்று ஒரே ஒரு பாடம்தானாம், மற்ற நேரம் பஸ்ஸில் பிள்ளைகளை எண்ணி ஏற்றுகிற டியூட்டியாம். இதற்கு நான் என்ன சொல்வது, பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவன். கடலில் போனால் வாந்தி எடுக்கிறான் என்று என் அப்பனே கரையில் விட்டுப்போன மீன்காரன் நான், அதனால்தான் காலேஜில் மணியடிக்க வந்தேன். சந்திரம்மா டீச்சரைப் பற்றி நீ எழுதியதற்கு டீச்சரிடமே போய்க் கேட்டால் என்ன என்று தோன்றியது. போன ஞாயிற்றுக்கிழமை கேசவனும் நானும் எலெக்ட்ரிக் வண்டி ஏறித் தாம்பரத்தில் டீச்சர் வீட்டுக்குப் போனோம்.

அந்தக் காலத்தில் கடைசி பெல் எப்படி அடித்தேன் என்று உனக்குத் தெரியும், நீயும் அங்கேதான் படித்தாய். அது கடிகாரத்துக்கு அடித்த பெல் இல்லை, தாம்பரம் வண்டிக்கு அடித்தது. கோபாலகிருஷ்ணன் சார் வராந்தாவில் வந்து குடையைத் தூக்கிக் காட்டினால் நான் அடிக்க வேண்டும், பிரின்சிபால் காது கேட்காதவர் போல இருப்பார், ரயிலில் வருகிற வாத்தியார்கள் எல்லோரும் சாக்பீஸ் கையோடு ஸ்டேஷனுக்கு ஓடுவார்கள். சந்திரம்மா டீச்சர் மட்டும் லேப் ஜன்னலில் தலையை நீட்டி, காத்தவராயன் நீங்க அடிச்சிக்கோங்க, எங்க பசங்க எழுந்திருக்க மாட்டாங்க என்பார். நீயும் அந்த எழுந்திருக்காத கூட்டத்தில் ஒருத்தி. வண்டி போன பிறகு டீச்சர் தனியாக ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், மீன் விற்றுவிட்டு காலிக் கூடையோடு வருகிற உன் அம்மா பக்கத்தில் போய் உட்காருவாள். இன்னா டீச்சரம்மா, இன்னிக்கும் வண்டிய வுட்டுட்டியா, வூட்ல புருசன் தேட மாட்டாரான்னு கேட்பாள். தேடட்டும் ஆதியம்மா, தேடினாத்தான் இருக்கேன்னு தெரியும் என்பாராம் டீச்சர். நான் அதை விளையாட்டுப் பேச்சு என்றே நினைத்திருந்தேன்.

டீச்சருக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது, கம்பியைப் பிடித்து நடக்கிறார், தலை பஞ்சாகிவிட்டது, கண்ணாடிக்குப் பின்னால் கண் மட்டும் அதே கண். உன் விஷயம் எல்லாம் சொன்னேன், மறைக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே. டீச்சர் கேட்டுவிட்டுச் சிரித்தார். பற்றா, யாருக்கு, எனக்கான்னு கேட்டார். ரஞ்சிகிட்ட சொல்லுங்க காத்தவராயன், நான் சொன்னேன்னே சொல்லுங்க, நான் வண்டிய விட்டது பாடத்துக்காக இல்ல, வீட்டுக்குப் போகப் பிடிக்காம, ஒண்ணரை ரூம்ல மாமியார், நாத்தனார், மச்சினன் எல்லாரும், போனா அடுப்பு, இல்லன்னா சண்டை, லேட்டாப் போறதுக்கு ஒரு சாக்கு வேணும், பசங்க லேப்ல இருக்காங்கன்னு சொன்னா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதுன்னார். கேசவன் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். டீச்சர் நிறுத்தவில்லை. முதல் ரெண்டு வருஷம் சும்மா உக்காந்து வம்பு பேசுவோம், எத்தனை நாள் சும்மா உக்காருறது, அப்புறம்தான் பசங்களக் கூட்டிக்கிட்டு மாமல்லபுரம் பாறைக்குப் போக ஆரம்பிச்சேன், உங்க சம்சாரம்தானே எந்தப் பாறை இடுக்குல எது இருக்கும்னு காட்டினாங்க, அங்க ஒரு நாள் உங்க பொண்ணு தண்ணியில முழங்காலிட்டு ஒரு நட்சத்திர மீன உள்ளங்கையில வச்சிக்கிட்டு, மேடம் இது நடக்குது மேடம்னு கத்தினா பாருங்க, அன்னிக்குத்தான் எனக்கு வேலை பிடிச்சுது, அதுக்கு முன்னாடி சம்பளம்தான்னு சொன்னார்.

சென்னைக்கே மாற்றல் வந்தபோது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாராமே, எல்லோரும் என்ன பற்று என்ன பற்று என்று புகழ்ந்தோம், பாதிக் காரணம் வீட்டுக்குச் சீக்கிரம் வந்துவிடுவோமோ என்கிற பயம்தானாம், மீதிப் பாதி அந்தப் பாறையாம். பிரித்துச் சொல்லத் தெரியவில்லை என்கிறார். கோபாலகிருஷ்ணன் சாரைப் பற்றியும் சொன்னார். குடை தூக்குகிறவர், வண்டியே கதி என்று நாமெல்லாம் கேலி பேசினோம், அவர் வீட்டில் படுத்த படுக்கையாக இருந்த சம்சாரத்தைத் திருப்பிப் போட ஆள் இல்லை, அதற்காக ஓடினாராம். ஓடினாலும் அவர் நடத்திய பாடத்தை இன்றைக்கும் பஸ் கண்டக்டராக இருக்கிற அவர் மாணவன் ஒருத்தன் என்னைப் பார்த்தால் சொல்லுவான். அதனால் நீ கேட்டைப் பார்க்கிறாய் என்பதை வைத்து உன்னை நீயே திட்டிக்கொள்ளாதே. கேட்டைப் பார்க்காத வாத்தியாரை நான் பார்த்ததில்லை, கேட்டில் நின்றவன் நான்தானே.

கிளம்பும்போது டீச்சர் என் கையைப் பிடித்து ஒன்று சொன்னார், அதை அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன். சாக்கு சொல்றது தப்பில்ல, நான் முப்பது வருஷம் சொன்னேன், ஆனா எதுக்குச் சொல்றேன்னு எனக்குத் தெரியும், ரஞ்சி உங்கள சாக்கா வைக்கிறாளே, எதுக்குன்னு அவளுக்குத் தெரியுமான்னு கேட்டார். ரயிலில் வரும்போது நானும் யோசித்தேன் கண்ணு. நீ வர வேண்டும் என்று எனக்கு ஆசை, இல்லை என்று சொன்னால் பொய். வீட்டில் ஒரு சத்தம் கேட்டால்கூட நீதானோ என்று திரும்புகிறேன். என்னைப் பார்க்கத்தான் வருகிறாய் என்றால் நாளைக்கே வா, ஒரு கேள்வி கேட்க மாட்டேன், ரூமுக்கு வெள்ளையடித்தாயிற்று. அந்த ஃபைலுக்குப் பயந்து வருகிறாய் என்றால் அந்த ராஜினாமாக் காகிதத்தில் என் பேரை எழுதாதே. பிற்பாடு பஸ்ஸில் பிள்ளைகளை எண்ணி ஏற்றும்போது, நைனாவால்தானே என்று ஒரு நாள் உன் மனதில் ஓடும், ஓடினதை நீ சொல்லவும் மாட்டாய், உன் முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியும், அதை என்னால் தாங்க முடியாது.

ஒன்று செய். ராஜினாமாவை இப்போது கொடுக்காதே, லீவு மட்டும் போடு. வருகிற மாசம் அமாவாசை ஒட்டி வா. தண்ணீர் வற்றிப் பாறை வெளியே தெரியும். இப்போதெல்லாம் கடல் கொஞ்சம் உள்ளே போனாலே சனங்கள் பயந்து மேட்டுக்கு ஓடுகிறார்கள், அதனால் கூட்டமும் இருக்காது. நீயும் டீச்சரும் அங்கே உட்கார்ந்து பேசுங்கள், நான் தள்ளி நின்றுகொள்கிறேன். அங்கே உட்கார்ந்து நீ என்ன முடிவு சொன்னாலும் எனக்குச் சம்மதம். திரும்ப அஸ்ஸாமுக்கே போகிறேன் என்றாலும் நானே ஸ்டேஷன் வரை வந்து ஏற்றி விடுவேன், மிட்டாயும் வாங்கித் தருவேன், இந்தத் தரம் பிசுபிசுக்காததாக.

கம்பளி போட்டுக்கொள். தலைக்கு எண்ணெய் வை, அந்த ஊர்த் தண்ணீர் முடிக்கு ஆகாது என்று நீதான் சொன்னாய். அழுகை வந்தால் பாத்ரூமில் அழாதே, அரவிந்தனுக்குப் போன் போடு, அவன் என்னைக் கூப்பிடுவான். உன் அம்மாவும் ஊர் காக்கிற எல்லையம்மனும் உன் தலைமேல் கை வைத்தபடி இருக்கட்டும்.

இப்படிக்கு
உன் நைனா காத்தவராயன், கைநாட்டு.

மடித்த காகிதத்தைக் கேசவனை மறுபடி பிரிக்கச் சொன்னேன், முக்கியமானது விட்டுப்போயிற்று. டீச்சருக்கு இன்றைக்கே ஒரு கார்டு போடு, பாறைக்குக் கூட்டிப் போகிறேன் என்று. அவர் வருகிறேன் என்று சொல்லவில்லை, இந்தக் கால வச்சிக்கிட்டா என்றுதான் சொன்னார், ஆனால் அலமாரியிலிருந்து பழைய கேன்வாஸ் ஷூவை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். தள்ளிப் போடாதே. பாறை காட்டிய உன் அம்மா இல்லை. குடை தூக்கிய கோபாலகிருஷ்ணன் சார் போன தை மாசம் போய்விட்டார். அவரோடு ஓடிய லக்ஷ்மிநாராயணன் சாருக்கும் அலை வந்த வருஷமே காரியம் முடிந்தது. நான் பெல் அடிக்க அடிக்க அந்தத் தாம்பரம் வண்டியில் போனவர்களில் இன்றைக்கு உயிரோடு இருப்பது, பாதி நாள் அந்த வண்டியை விட்ட சந்திரம்மா டீச்சர் ஒருவர்தான்.