அது சாயம் இல்லை

அன்புள்ளவளுக்கு, நீயும் பிள்ளைகளும் சுகந்தானே? நானும் தேறிவிட்டேன்.

சிறுநீர் சிவப்பாகப் போனதும், சாய வியாபாரி அல்லவா, கையில் ஒட்டியதுதான் கரைகிறது என்று போனில் சிரித்தேன். வலியும் இல்லை. "கையில இருக்கிற சாயம் அங்க எப்படிங்க வரும்? முதல்ல டாக்டரைப் பாருங்க" என்று நீ விரட்டினாய்.

சிறுநீர்ப்பையில் புற்றுநோயாம். பயப்படாதே, உள்தோலோடு நின்றிருக்கிறது. வயிற்றைக் கிழிக்காமல், சிறுநீர் வரும் வழியிலேயே குழாய் விட்டுச் சுரண்டி எடுத்துவிட்டார்கள்.

"வலிக்கலைன்னு இருந்திருந்தா சதைக்குள்ள இறங்கியிருக்கும். யாரு அனுப்பினா?" என்றார் டாக்டர்.

"வீட்டுல" என்றேன்.

திரும்பவும் வரலாம் என்பதால் மூன்று மாதத்துக்கொருமுறை பார்ப்பார்கள். இனி ஆறு வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு, சிறுநீர்ப்பைக்குள் மருந்து விடுவார்கள். இரண்டு மணி நேரம் அடக்கிக்கொண்டு தனியாகப் படுத்திருக்க வேண்டும். அப்போது போன் செய். திட்டினாலும் சரி, வைத்துவிடாதே.

சரக்கு வண்டி வந்துவிட்டது, இத்துடன் முடிக்கிறேன்.

உன்னால் பிழைத்த
உன் வீட்டுக்காரன்